அழுக்குத் தாங்கும் நிறம்

…பொறுமைசாலிக்குப் பேஷன்ட் என்று போட்டுவிட்டால் முடிந்தது, ஆங்கிலத்தில் ஏழே எழுத்து, பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம், ஆனால் அந்தச் சொல்லைத் தட்டியதுமே ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனைப் பிடித்தபடி ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரிகிறது, தன் நம்பரைக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு, இந்தப் பெண் அவள் இல்லையே, இவளுடைய நம்பரை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று இவளுக்குத் தெரியுமே... அழித்தேன். நான்காவது முறை. திரையில் வாக்கியத்தின் நடுவே பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி, அதில் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று. ஸ்பானிஷில் ஒரே சொல், சுஃப்ரீதா, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும் அடைமொழி, அதற்கு முன்னால் ஒரு 'மிகவும்'. நான்கு பக்கச் சாட்சி வாக்குமூலத்தில் மற்றதெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது, முகவரி, வயது, உறுதிமொழி, எல்லாம் பழகிய வழி, கை தானாகவே நடந்துவிடும். இந்தச் சொல்லில் வந்து கால் மாட்டிக்கொண்டது.

சாட்சி சொன்னவள் அடுத்த வீட்டுக்காரி. ஸ்பானிஷ் பேசும் ஊரில் பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஒருத்தி இங்கே விவாகரத்து கேட்கிறாள், அந்த வீட்டில் இனி மூச்சுவிட முடியாது என்கிறாள், கணவன் தரப்போ, இத்தனை வருஷத்தில் இவள் யாரிடமாவது ஒரு குறை சொன்னதுண்டா, அடுத்த வீட்டைக் கேளுங்கள் என்கிறது. கேட்டார்கள். அவளும் சொன்னாள், குணத்தைப் பற்றிக் கேட்டதற்கு இரண்டே வாக்கியம். அவள் மிகவும் சுஃப்ரீதா. ஒரு நாளும் அந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்டதில்லை. முதல் வாக்கியத்தில் நான் பொறுமைசாலி என்று வைத்தால் இரண்டாவது வாக்கியம் ஒரு நிம்மதியான வீடு. துன்பப்பட்டவள் என்று வைத்தால் அதே வாக்கியம், ஒரு எழுத்துகூட மாறாமல், வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த வீடு. நாளைக்கு நீதிபதி ஸ்பானிஷைப் படிக்கப்போவதில்லை, என்னைத்தான் படிக்கப்போகிறார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் அவளுடைய கதவின் தாழ்ப்பாள் இப்போது என் விரலில் இருக்கிறது... இது என் வேலையா? அடுத்த வீட்டுக்காரி என்ன நினைத்துச் சொல்லியிருப்பாள், பாராட்டா, பரிதாபமா? ஸ்பானிஷில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம், எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆங்கிலத்தில் மட்டும் யாராவது ஒருத்தர் முடிவு செய்தாக வேண்டும்.

அகராதி முதலில் நீட்டுவது லாங் சஃபரிங். நீண்ட நாள் துன்பப்பட்டவள், அச்சு அசலாக அதுதானே என்று தோன்றும், ஆனால் ஆங்கிலக்காரர்கள் அதைச் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும், தூண்டிலோடு போனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரும்பாத கணவன், அவனைக் கட்டிக்கொண்ட மனைவி, விருந்தில் அவளை அப்படி அறிமுகப்படுத்தினால் எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிக்க வேண்டும். எதற்கும் கலங்காத ஸ்டோயிக் என்ற சொல்லுக்குக் கிரேக்க ஞானியின் தாடி இருக்கிறது, வேண்டுமென்றே பாறைமேல் போய் உட்கார்ந்த ஆள். அன்கம்ப்ளெய்னிங் என்றால் குறை சொல்லாதவள், கணவனின் வக்கீல் எழுந்து நின்று கைதட்டுவார். ரிசைன்ட், விதியே என்று விட்டுவிட்டவள்... அதில் ராஜினாமாவின் வாடை அடிக்கிறது, ராஜினாமா செய்ய முடிந்திருந்தால் அவள் எதற்கு நீதிமன்றத்துக்கு வருகிறாள்? பக்கத்து மேஜைக்காரி, பிரெஞ்சு பார்ப்பவள், நாற்காலியைத் திருப்பாமலே கேட்டாள், "என்னக்கா, இன்னும் அந்த ஒரு வார்த்தையிலேயேவா குடியிருக்கீங்க? வாடகை கேக்கப் போறாங்க." நான் சிரித்தேன். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு போட்டு அனுப்பிடுங்கக்கா, தீர்ந்தது." பதினோரு வருஷமாக இதே நாற்காலி, எத்தனை நிலப்பத்திரங்களை மொழிபெயர்த்திருக்கிறேன், பொறுத்தவள் பெயரில் ஒரு சாண் பூமியை நான் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சொல்லவில்லை. ஏன் எனக்கு எல்லாமே உள்ளேயே நடந்து உள்ளேயே முடிந்துவிடுகிறது?

பதினொன்றேகாலுக்கு எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். சரிபார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி, எதைக் கொடுத்தாலும் பாதியாக்குவார். அவர் அறை ஜன்னல் ஏசிக்காக ஆணியடித்து மூடியது, வெளியே மரம் ஆடுவது தெரியும், சத்தம் வராது. "சார், ஒரு அடிக்குறிப்பு போடணும்." நிமிரவே இல்லை. "போடக்கூடாது. அடிக்குறிப்புன்னா மொழிபெயர்த்தவளுக்கே சந்தேகம்னு அர்த்தம். சந்தேகம்னா கோர்ட்டுல திருப்பி அனுப்பிடுவான். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை, உனக்குத் தெரியாததா?" "அந்தச் சாட்சிகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டா..." "ஏம்மா, நீ மொழிபெயர்ப்பாளரா, போலீஸா?" அப்புறம் கொஞ்சம் இரக்கம் வந்தது போல, "பேஷன்ட்னு போடு. யாருக்கும் வலிக்காது. பிரசவம்கூட இதைவிடச் சீக்கிரம் ஆயிடும்மா" என்றார். யாருக்கும் வலிக்காது. திரும்பி வரும்போது அந்த வாக்கியம் என் பின்னாலேயே நடந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி மேஜையின் இழுப்பறையில் இடிக்கும், பதினோரு வருஷமாக இடிக்கிறது, இழுப்பறையை மாற்றித் தாருங்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்... முட்டியைத்தான் சாய்த்து வைக்கப் பழகினேன்.

அப்போதுதான் என் கணவர் போனில் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடமாட்டார், அதனாலேயே பதறி எடுத்தேன். "ஒண்ணுமில்ல, அண்ணன் பேசினாரு. அப்பாவை இனிமே நம்ம வீட்டுல வெச்சுக்கறதுன்னு முடிவாயிடுச்சு. அண்ணி முடியவே முடியாதுன்னு ஒரே ரகளையாம். உன் ரூம்தானே கீழ இருக்கு, பாத்ரூமும் பக்கம். நீ உன் டிக்‌ஷனரியை எல்லாம் மாடிப்படிக்குக் கீழ வெச்சுக்கலாம், எங்க உக்காந்தாலும் நீ படிப்ப." போனை மறு காதுக்கு மாற்றினேன். "அவ எதையும் தாங்குவாண்ணே, அவளைப் பத்திக் கவலையே படாதீங்கன்னு நானே சொல்லிட்டேன். பன்னெண்டு மணிக்கு வேன் பேசணுமாம். திரும்பக் கூப்பிடறேன், யோசிச்சு வை." வைத்துவிட்டார். யோசிக்க என்ன இருக்கிறது, முடிவான பிறகு? மாமனார்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சாது மனிதர், காபி கொடுத்தால்கூட உனக்கு இருக்காம்மா என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார், அந்த வீட்டில் என்னிடம் எதையாவது கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் அந்த அறை... பத்துக்கு எட்டு, கதவைச் சாத்தினால் சாத்தியதாகவே இருக்கும் ஒரே அறை. ஓரகத்தி கத்தினாள், அதனால் அவளைக் கேட்டார்கள், கேட்டதால் அவள் முடியாது என்று சொல்ல முடிந்தது. நான் கத்தமாட்டேன், ஆகவே கேட்க வேண்டியதில்லை, கேட்காததால்... எதையும் தாங்குவா. பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். அதில் சந்தேகமே இல்லை, அவர் குரலில் என்னைப் பற்றி இவ்வளவு பெருமை நான் கேட்டு வெகுநாளாயிற்று.

தாங்குவா... தாங்கும். எங்கே கேட்டேன் இதை? ஸ்பானிஷ் படிக்கும்போது, முதல் வருஷம், எங்கள் டீச்சர் ஒரு பழுப்புத் துணியைத் தூக்கிக் காட்டி, இதுவும் சுஃப்ரீதோ, நிறத்துக்கும் அதே சொல்தான், அழுக்கானாலும் வெளியே தெரியாத நிறம் என்று சொன்னபோது வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் சிரித்தேன், எங்கள் பாஷையிலும் அப்படித்தானே டீச்சர், அழுக்குத் தாங்கும் கலர். அந்தப் பெண்ணும் தாங்குவாள், இந்தத் துணியும் தாங்கும். அப்படியானால் என்னிடம் சொல் இருக்கிறது! ஒட்டுத் தெரியாமல் உட்காரும் சொல், பாராட்டும் பரிதாபமும் ஒரே மூச்சில், அடுத்த வீட்டுக்காரி அதைக் கேட்டால் ஆமாம் இதைத்தான் சொன்னேன் என்பாள். யாரும் கேட்காத மொழியில் இருக்கிறது, அவ்வளவுதான். கையில் சாவி இருக்கிறது, கதவு வேறு ஊரில். எங்கள் வீட்டு சோபாவுக்கு உறை எடுக்கப் போனபோது எனக்குப் பிடித்தது இளம் மஞ்சள், கடைக்காரர் விரித்துக்கூடக் காட்டினார், நானேதான் மண் நிறத்தை எடுத்தேன், அழுக்குத் தாங்குமே என்று. இன்றைக்கு உடுத்தியிருப்பதும்... குனிந்து பார்த்தேன். காப்பிப்பொடி நிறம். தெரியாத அழுக்கு துணிக்கா தெரியவில்லை? அது அப்படியேதான் இருக்கிறது, நூலுக்கு நூல். தெரியாதது பார்க்கிறவர்களுக்குத்தான். அடுத்த வீட்டுக்காரி பத்தொன்பது வருஷம் பார்த்தாள், பார்த்ததால்தானே அந்தச் சொல் வந்தது, வெறும் நிம்மதியான வீடு என்றால் நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாளே, எதைத் தாங்கினாள் என்று தெரியாத ஒருத்தியைத் தாங்குகிறவள் என்று யாராவது சொல்வார்களா? அல்லது... நான்தான் என் சேலையை அவளுக்குக் கட்டிவிடுகிறேனா? அவள் வாயில் என் வார்த்தையை வைத்தால் அதுவும் ஒரு பொய்ச்சாட்சி. மூன்று தடவை வாக்குமூலத்தை மேலிருந்து படித்தேன். முந்தின பக்கத்தில், கணவன் திட்டுவது சுவர் தாண்டிக் கேட்குமா என்ற கேள்விக்கு அவள் சொல்லியிருந்தாள், சத்தம் கேட்டதில்லை, அவள் கண்ணைப் பார்த்திருக்கிறேன். அது போதும். அது அவளுடையது, என்னுடையது இல்லை.

பதினொன்று ஐம்பதுக்கு எட்டு ஆங்கிலச் சொற்களைத் தட்டினேன், நிறையத் தாங்கியிருக்கிறாள், எதையும் காட்டிக்கொள்வதில்லை என்று பொருள்படும்படி. தாங்கியதும் இருக்கிறது, காட்டாததும் இருக்கிறது, எதையும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை, சத்தம் வராத வீடு அதற்குப் பக்கத்தில் தானாகவே போய் நின்றுகொண்டது. அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தரியின் குரல். "ஒரு வார்த்தைக்கு எட்டு வார்த்தையா? என்னம்மா இது, வட்டியும் முதலுமா?" பக்கத்து மேஜைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன், முட்டி இழுப்பறையில் இடித்தது. "சார், அந்த ஒண்ணுக்குள்ள இந்த எட்டும் இருக்கு. ஒண்ணு குறைச்சாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்." இப்படி யாரிடமும் பேசியதில்லை, எனக்கே என் குரல் அடுத்த அறையிலிருந்து வருவது போல இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு படித்தார், ரொம்ப நேரம். "சரி, போ. கோர்ட்டுல கேட்டா நீயே போய் நின்னு பதில் சொல்லு." சொல்வேன் சார். சொல்லத்தான் போகிறேன். அந்தப் பெண்ணுக்கு எட்டுச் சொற்கள் கிடைத்துவிட்டன, முகம்கூடத் தெரியாதவளுக்கு.

போன் அதிர்ந்தது. பன்னிரண்டு ஆக இரண்டு நிமிஷம். எடுக்கும்போதே வாக்கியம் தயாராக இருந்தது, என்னை ஏன் கேட்கவில்லை, முதலில் அது, மற்றதெல்லாம் அப்புறம். "அண்ணன் லைன்ல வெயிட் பண்றாரு. வேன் சொல்லிடலாமா? உனக்கு ஓகேதானே?" "ம்" என்றேன். "சரி, வெச்சுடறேன்." அவ்வளவுதான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றேன். அந்த 'ம்' சரி என்பதற்கு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு, இன்னும் சொல்லப்போகிறேன் என்பதற்கு... அப்படித்தானா? பதினெட்டு வருஷமாக எதற்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், சோபாவுக்கு, வீடு மாறியதற்கு, மாடி அறையை விட்டுக் கீழே வந்ததற்கு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அர்த்தம் வைத்துத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எப்போதும் ஒரே சொல்தான், ஒரு சொல்லுக்கு ஒரு சொல், அடிக்குறிப்பு கிடையாது. அவர் தப்பாகவா மொழிபெயர்த்தார்? பக்கத்து மேஜைக்காரி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "என்னக்கா, வீட்டுலயா? எல்லாம் ஓகேவா?" என்றாள். வாய் தானாகவே மூடிக்கொண்டு, மூக்கு வழியாக அந்த 'ம்' வருவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் அது எனக்கே கேட்டுவிட்டது, இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை.