மேசையில் சுழன்ற கைப்பேசி

லிஃப்ட் மெக்கானிக் பழைய கைப்பேசியின் சார்ஜ் துளைக்குள் பல்குத்தும் குச்சியை மெல்ல விட்டு நெம்பினார். ஒரு சிட்டிகைத் தூசிப்பஞ்சு வெளியே வந்தது. சட்டைப்பையில் இருந்து சேர்ந்த நூல்தூசி அடியில் அழுந்தி, ஒயரின் முனையை உள்ளே தொடவிடாமல் தடுத்திருந்தது. அவ்வளவுதான் நோய். இதற்காகவா இத்தனை நாள் அலமாரியில் செத்துக் கிடந்தது?

ஒயரைச் செருகினார். திரை மினுங்கியது.

"அப்பா, வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று மகள் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"அப்பா கை வெச்சா சும்மாவா?"

சிம்மை எடுத்தார். பழைய படங்களை அழித்தார். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றினார். பின்மூடி மட்டும் ஒரு பக்கம் எழும்பி நின்றது. ஒயரைக் கழற்றி, மூடியை அழுத்திப் பிடித்து, கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார்.

மகள் அதை மேசையில் வைத்து விரலால் தட்டினாள். அது விர்ரென்று சுழன்றது.

"அம்மா, இங்க பாரேன். பம்பரம் மாதிரி சுத்துது."

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அம்மா குனிந்து பார்த்தாள். "ஏங்க, தட்டையா இருந்தா எப்படிச் சுத்தும்? வயிறு ஊதியிருக்கே."

"பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கு. அதான் டேப் போட்டிருக்கேன்ல. சின்னப் பிள்ளை, சும்மா வெளையாடத்தானே."

பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கப்பட்டிருக்கும். அது பழுதாகும்போது உள்ளே வாயு சேரும். வெளியேற வழியில்லாமல் பை உப்பும். அதை அழுத்தினால் தகடுகள் உரசித் தீப்பிடிக்கலாம். டேப் செய்வது அந்த அழுத்தத்தைத்தான். இது அவருக்குத் தெரியாததல்ல.

அம்மா அவருடைய வேலைப்பையில் இருந்த மஞ்சள் பலகையை எடுத்துக் கைப்பேசி பக்கத்தில் நிறுத்தினாள். 'பழுது. பயன்படுத்தாதீர்கள்.'

"போன வாரம் லிஃப்ட் ரோப்புல ரெண்டு கம்பி அறுந்ததுக்கு ஒரு கட்டடத்தையே படி ஏற வெச்சீங்க. எல்லாரும் சண்டைக்கு வந்தும் அசையல. இப்படி ஊதிப்போன லிஃப்ட்ல ஆள ஏத்துவீங்களா?"

அவர் கைப்பேசியை அணைத்து, அழுத்தாமல் டேப்பை உரித்தார்.

மகளின் உதடு பிதுங்கியது. "அப்ப இன்னைக்கு வெளையாட முடியாதா?"

"கடை மூடுறதுக்குள்ள போனா முடியும். செருப்பப் போடு."

இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பழுதுபார்க்கும் கடைக்காரர் மூடியை இளஞ்சூட்டில் இளக்கிக் கழற்றினார். குட்டித் தலையணை போல உப்பிய பேட்டரியைப் பதமாக எடுத்து மணல் வாளியில் போட்டார். மகள் மூக்கைக் கடையின் கண்ணாடித் தடுப்பில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். புதியது உட்கார்ந்ததும் மூடி 'டிக்' என்று படிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மேசையில் வைத்துத் தட்டினாள். "சுத்தலப்பா" என்றாள், வெற்றி பெற்றவளைப் போல. அடுத்த நொடி திரையில் அவள் கார் உறுமிக் கிளம்பியது.

மெக்கானிக் மஞ்சள் பலகையை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் இந்த போர்டை மாட்டுறேன். சொந்தப் பிள்ளைக்கு டேப்பைச் சுத்திக் கொடுத்தேன் பாரு" என்றார் மனைவியிடம். "பழசைக் கொடுக்கலாம், தப்பில்ல. பழுதுன்னு தெரிஞ்சதைப் பிள்ளை கையில கொடுக்கக் கூடாது."