ஆச்சுங்க

இனியாவுக்கு முகமும் கிடையாது, வயிறும் கிடையாது. செல்போனுக்குள் இருந்துகொண்டு சர்க்கரை நோயாளிகளிடம் பேசிப் பேசியே அவர்களை வழிக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அவள் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. நான் அம்மாபேட்டைக்காரி; எங்கள் பக்கம் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் சங்ககிரி லாரி டிரைவர்களுக்காக அவள் பேச்சில் 'ங்க'வை வஞ்சனையில்லாமல் போட்டுவைத்தேன். இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் யாருக்கு மறுக்க மனசு வரும் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

இனியாவிடம் முதலில் சேர்ந்த டிரைவர்களில் செங்கோடன் அண்ணனும் ஒருவர். மாத்திரை போட்டாச்சுங்களா? ஆச்சுங்க. நடந்தாச்சுங்களா? ஆச்சுங்க. பதிலெல்லாம் தங்கம். சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அடுத்த பரிசோதனையிலும் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரியை விட்டால் அந்த மனுஷனுக்கு வேறு உலகமே தெரியாது.

எனக்கு வந்ததே கோபம்! நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

நான் அவர் வீட்டில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் பேசியது.

"சாப்டாச்சுங்களா அண்ணா?"

"ஆச்சுங்க சாமி," என்றார். சோறு இன்னும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"மாத்திரை போட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

மாத்திரை அட்டை டிவி பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது.

"ஏனுங்கண்ணா இப்படிப் புளுகறீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "புளுகுங்களா? அந்தப் புள்ள அத்தன மரியாதையாக் கேக்குது. இன்னும் சாப்டலைன்னு சொன்னா அதுக்குச் சங்கடமா இருக்காதுங்களா? சோறு போடறதுக்கு அது எங்க போகும், பாவம்!"

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி மாரியாயி அக்கா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"சாப்டீங்களா சாமி?"

"ஆச்சுங்கக்கா," என்றேன்.

என்னைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் வயிறு வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி இரைந்தது. செங்கோடன் அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா மறுபடி கேட்கவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "கீரைக் கடைசலா, ரசமா? எது மொதல்ல ஊத்தட்டும்?" என்றார்.

"கடைசலுங்கக்கா," என்றேன். அதில் பொய் சொல்ல வழியே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இனியாவின் கேள்விகளை மாற்றி எழுதினேன்.

"இன்னைக்கு என்னங்கண்ணா கொழம்பு?" என்று அவள் கேட்ட முதல் நாளே அண்ணன் கொட்டித் தீர்த்துவிட்டார். கறிக்குழம்பு, அதற்கு மலை மாதிரி சோறு, மேலே ரெண்டு வாழைப்பழம். "மாத்திரை எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்றதற்கு, "டிவி பக்கத்துலதானுங்க. இரு சாமி, எடுத்துட்டு வாரேன்," என்று எழுந்துபோனார். இனியாவும் விடவில்லை. நாளாக ஆகச் சோற்று மலை குன்றாகி, சின்னக் கரடாகி, தட்டில் காயும் தென்பட ஆரம்பித்தது.

பரிசோதனை அன்று என் போன் அடித்தது.

"சாமி, சர்க்கரை எறங்கிருச்சுங்க! வண்டி எடுக்கலாம்னு டாக்டரு சொல்லிட்டாருங்க!"

உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து குதித்தே எழுந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

"அது கெடக்குது, நீங்க சாப்டீங்களா?" என்றார்.

'ஆச்சுங்க' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிடித்து விழுங்கினேன்.

"இன்னும் இல்லைங்கண்ணா."

அவர் போனை வைக்காமலே வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்: "மாரியாயி, ஒரு தட்டு சேத்தி வெய்யி. புள்ள நெசத்தச் சொல்லிப்போட்டுது!"