சுகாதாரத் துறை நாற்காலி

கணவர் உயிர்விட்ட நாற்காலியிலேயே மனைவியை உட்கார வைத்தார்கள். சுகாதார அமைச்சராக இருந்த மனிதர், அமைச்சரவைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்துவிட்டார். இடைத்தேர்தலில் அனுதாப அலை அடித்தது. மனைவி ஜெயித்தாள். அதே துறை, அதே இடம்.

"மலையடிவார ஆஸ்பத்திரி விஷயம் இன்னிக்கு வரும் அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லிடுங்க" என்று காரிலேயே பாடம் நடத்தினான் கொழுந்தன். "அண்ணன் முரண்டு பிடிச்சு என்னத்தைக் கண்டாரு?"

அவள் தலையாட்டினாள். காசநோயாளிகள் கிடக்கும் அந்தப் பழைய ஆஸ்பத்திரியை இடித்து, ஹோட்டல் கட்ட இடம் கொடுப்பதென்று முதல்வர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார். குறுக்கே நின்றது அவள் கணவர் ஒருவர்தான். அவளுக்கு அந்தத் தெம்பு இல்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு இதுவாவது துணை என்றுதான் பதவிக்கு வந்தாள்.

கூட்ட அறை சில்லிட்டுக் கிடந்தது. நாற்காலி மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போலச் சூடாக இருந்தது. பக்கத்திலிருந்த மின்துறை அமைச்சர் தன் நாற்காலியை ஓசைப்படாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"உங்க துறைதானேம்மா. ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்றார் முதல்வர்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது ஒரு செருமல் கேட்டது. கரகரவென்று, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. மறுத்துப் பேசுமுன் அவள் கணவர் செருமும் அதே செருமல். அதற்காகவே சகாக்கள் அவருக்குத் 'தொண்டை' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்ததுண்டு. இன்று சிரிக்க ஆளில்லை. மின்துறையின் கையிலிருந்த டம்ளர் தளும்பி மேசை நனைந்தது. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருய்யா அது?"

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. செத்தும் ஒண்டியாகவே மல்லுக்கு நிற்கிறாரே மனுஷன் என்று தோன்றியது.

"அந்த நோயாளிங்க எங்க போவாங்க ஐயா?" என்றாள். "அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. நான் சரின்னு சொல்றேன்."

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று முதல்வர் எழுந்துவிட்டார்.

அடுத்த அமைச்சரவை மாற்றத்தில் அவள் பதவி பறிபோனது. ஆனால் அந்தத் துறையை ஏற்க ஒரு ஆளும் முன்வரவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். கடைசியில் முதல்வரே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.

"பயமா இல்லையா அண்ணி?" என்று ஒருநாள் கொழுந்தன் கேட்டான்.

"பயம் என்ன பயம்?" என்றாள் அவள். "உங்க அண்ணனுக்குக் கூட்டத்துக்கு வர நேரம் இருக்கு. வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மட்டும் நேரமில்ல. உயிரோட இருந்தப்பவும் இதே கதைதான்."