பதினோராம் எண் ஆன்ட்டி

"முழங்கால் இப்போ எப்படி இருக்கு?" என்று யாரோ கேட்டபோது கும்ஹி ஒரு கானாங்கெளுத்தி மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். கத்தியை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். கோட்டும் டையுமாக ஒருவர், ஐஸ் கரைந்து ஓடும் சந்தைத் தரையில் பாலிஷ் போட்ட ஷூ நனைவதைப் பொருட்படுத்தாமல் நின்றிருந்தார். பியோ. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் சேபியோல் கூடைப்பந்து அணியில் ஆடியபோது துணைக் கோச்சாக இருந்தவர். இப்போது அவர்தான் தலைமைக் கோச் என்று மீன் சுற்றித் தருகிற பேப்பர் ஒன்றில் படித்திருந்தாள்.

"எந்த முழங்காலைக் கேக்கறீங்க சார்? ரெண்டுமே மழை வர்றதுக்கு முந்தின நாளே சேதி சொல்லிடுது."

அவர் சிரிக்கவில்லை. "திரும்ப ஆட வர்றியா?" என்றார்.

கும்ஹி சிரித்த சிரிப்பில் எதிர்க்கடையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். முப்பத்துமூன்று வயது. ஐந்து வயதில் ஒரு மகள். கல்யாணப் பத்திரிகை அடித்த கையோடு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பதுதான் பெண்கள் அணிகளில் வழக்கம். அவளுக்கும் அப்படித்தான் நடந்தது. அதில் தப்பு இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். பியோ கடைக்கு வந்து நின்றது 1998-ஆம் வருடத்து வசந்த காலத்தில். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பண நெருக்கடியில் கொரியாவே கவிழ்ந்து கிடந்தது. கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டு போக, அவை நடத்திவந்த அணிகளும் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அப்படிப்பட்ட வருடத்தில்தான், என்ன தைரியமோ, பெண்களுக்கென்று தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். காலுறை நெய்யும் சேபியோல் கம்பெனியும் பெயர் கொடுத்திருந்தது. அணியில் மிச்சமிருந்தது ஒன்பது பேர். பந்தைக் கொண்டுபோகிற பெண்ணுக்குப் போன வாரம் தசைநார் அறுந்துவிட்டது.

"ஓடறதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு கும்ஹி. பந்தை யாருக்கு எப்போ கொடுக்கணும்னு தெரிஞ்ச ஆள்தான் இல்ல" என்றார் பியோ. பிறகு, வந்ததற்காக வாங்குவதுபோல, இரண்டு கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போய் அதை ஒரு வேடிக்கையாகத்தான் கணவனிடம் சொன்னாள். ஹான்சு ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வரைபடம் போடுபவனாக இருந்தவன். ஜனவரியில் வேலை போனதிலிருந்து வீடு அவன் கையில். மகள் பொம்முக்குச் சடை பின்னுவதைத் தவிர எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் சோயா விழுதுக் குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"முடியாதுன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல."

"ஏன் 'இன்னும்'ங்கற?"

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே அதை அணைக்கக் கை நீட்டினார்கள்.

முதல் நாள் பயிற்சியில் இருபதாவது நிமிடம் அரங்கின் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் முப்பதாவது நிமிடம். இதுவும் ஒரு முன்னேற்றம்தான் என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் அவளை அக்கா என்றார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் அவள் பந்தைக் கூடைக்கு எறியும்போது மட்டும் அவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் காலத்தில் எல்லோரும் இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளித்தான் எறிவார்கள். "அக்கா, வாளித் தண்ணிய முற்றத்துல விசிறி ஊத்தற மாதிரியே இருக்கு" என்றாள் ஓக்ஜூ. பத்தொன்பது வயது, அணியிலேயே உயரமானவள், வாசல் நிலைகளில் இடித்து இடித்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு தழும்பு. கும்ஹிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்காதவள் மிரான் ஒருத்திதான். அணித்தலைவி. இருபத்தைந்து வயது. எதிரிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் கூடைக்கடியில் நிற்கிற வேகம். அவள் கும்ஹியை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'நீங்க' என்பதோடு சரி. அந்த 'நீங்க'வில் வீட்டுக்கு வந்த வரி அதிகாரியிடம் பேசுகிற தூரம் இருந்தது. தன் இடத்துக்குப் போட்டியாக வந்துவிட்டதாக நினைக்கிறாள் போல என்று கும்ஹி எண்ணினாள். ஆனால் இருவர் ஆடுகிற இடமும் வேறு வேறு. அந்தக் கணக்கு ஒத்து வரவில்லை.

சீசன் ஜூலையில் தொடங்கியது. முதல் நாலு ஆட்டமும் தோல்வி. கும்ஹி கொடுத்த பந்துகள் ஆளில்லாத இடத்தில் விழுந்து, பார்வையாளர்கள் மடிக்கு உருண்டு போயின. அவள் ஆள் நிற்கிற இடத்துக்குக் கொடுப்பவள் இல்லை, ஆள் வந்து சேர வேண்டிய இடத்துக்குக் கொடுப்பவள். அங்கே வர வேண்டும் என்று வர வேண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏ ஆன்ட்டி! சோறு பொங்கி வச்சிட்டுத்தான் வந்தியா?" அரங்கமே சிரித்தது. அடுத்த ஊரில் அதுவே ஒரு கோஷமாகிவிட்டது. "பதினொண்ணு ஆன்ட்டி! பதினொண்ணு ஆன்ட்டி!" அவள் முதுகில் இருந்த எண் பதினொன்று. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பொம், அம்மாவை ஊரே கூப்பிட்டுப் பாராட்டுகிறது என்று நினைத்துத் தானும் கத்தியதாக ஹான்சு சொன்னான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில், இரண்டாம் பாதியில், கும்ஹி பழக்க தோஷத்தில் வலது மூலையில் காலியாகக் கிடந்த இடத்துக்குப் பந்தை வீசினாள். வீசிய பிறகுதான் ஐயோ என்று நாக்கைக் கடித்தாள். ஆனால் அங்கே மிரான் இருந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. பந்து கையில் வந்து உட்கார்ந்தது, போனது, வலை அசைந்தது. மிரான் திரும்பி ஓடும்போது கும்ஹியை ஒரு கணம் பார்த்தாள். நன்றியான பார்வை இல்லை அது. கோபம் போலக்கூட இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தாள். மெல்ல மெல்ல மற்றவர்களும் வந்து சேரத் தொடங்கினார்கள். அன்று ஜெயித்தார்கள். அடுத்ததிலும். ஆகஸ்ட் நடுவில் அணி நாலாவது இடத்துக்கு அருகில் வந்து நின்றது. நாலு இடத்துக்குள் வந்தால் அரையிறுதி. வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாகக் கம்பெனியில் முடிவெடுத்துவிட்டார்கள். பியோ அதை மறைக்காமல் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

மூன்று ஆட்டம் மீதி இருக்கும்போது ஹான்சுவுக்குக் கோஜே தீவிலிருந்து கடிதம் வந்தது. கப்பல் கட்டும் தளத்தில் வேலை. திங்கட்கிழமையே சேர வேண்டும். ஏழு மாதமாக அவன் எழுதிப்போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்த முதல் விண்ணப்பம் அது. அவன் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "ரெண்டு வாரம் தள்ளிக் கேக்கறேன்" என்றான். தள்ளிக் கேட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். "நீங்க போங்க பொம் அப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள் கும்ஹி.

பார்த்துக்கொள்வதற்கு என்ன இருந்தது? மறுநாள் காலை பியோவின் அறைக்குப் போய், நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொள்கிறேன். பியோ பேனாவை மூடினார். மூலையில் மிரான் வீங்கிய கணுக்காலை ஐஸ் வாளிக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"குழந்தைய டீம் விடுதிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மிரான்.

"விடுதியில வெளியாள் தங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்றார் பியோ.

"ஆம்பளைங்க வரக்கூடாதுன்னுதான் சார் எழுதியிருக்கு. தினம் கதவுல பாக்கறேனே. அவ என்ன ஆம்பளையா?"

மிரான் கும்ஹி பக்கம் திரும்பினாள். "உங்களுக்காகச் சொல்லல. எனக்குத் தோக்கப் பிடிக்காது."

இப்படித்தான் பொம் ஒரு முதுகுப்பையோடும் ஒரு துணி முயலோடும் சேபியோல் விடுதிக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாளே ஓக்ஜூவின் தோளில் ஏறி கூடை வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் அவளுக்கென்று முள் எடுத்த மீன் எட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தது. பியோ எதிரே வந்தால் மட்டும் எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, "கோச்சுக்கு வணக்கம்!" என்று கத்துவாள். மூன்றாம் நாள் பியோவும் பதிலுக்கு இடுப்பை வளைத்ததைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். காலையில் குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிற வேலையை மிரான் எடுத்துக்கொண்டாள். எப்படியும் அந்தப் பக்கம்தானே ஓடுகிறேன் என்றாள். ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி ஓடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை, கும்ஹி துணி துவைக்கிற அறைக்குப் போனபோது மிரான் பொம்முக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நீங்க வந்தது எனக்குப் பிடிக்கல."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது." ஒரு பின்னல் போட்டாள். "நவம்பர்ல எனக்குக் கல்யாணம். இதுதான் கடைசி சீசன்னு அவங்க வீட்ல சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். கல்யாணம் ஆனா ஆட முடியாது, எல்லாருக்கும் அப்படித்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மீன் வாசனையோட நீங்க வந்து நிக்கறீங்க. இனிமே நான் 'முடியாது'ன்னு சொல்ல முடியாது. 'வேண்டாம்'னுதான் சொல்லணும். அது எனக்கு வாயில வர மாட்டேங்குது."

இயந்திரத்துக்குள் அணிச் சட்டைகளெல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சட்டையைத் தன்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை என்பது கும்ஹிக்கு ஞாபகம் வந்தது. அவளே துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நன்றி சொன்னாள்.

"நான் உனக்கு எதுவும் சொல்லப்போறதில்ல மிரான்" என்றாள்.

"சொல்லாதீங்க."

"அக்கா, இழுக்குது!" என்றாள் பொம்.

கடைசி ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு, முதலிடத்தில் இருந்த சியோல் அணியோடு. ஜெயித்தால்தான் நாலாவது இடம். கோஷம் மாறவில்லை. ஆனால் சோங்ஜூவில், சொந்த ஊர் அரங்கில், அதைச் சொன்னவர்கள் இப்போது வேறு ஆட்கள். சந்தையிலிருந்து சிப்பிக்காரி, கருவாட்டுக்காரி, காய்கறிக்காரி என்று இருபது பேர் ரப்பர் ஏப்ரனோடு வந்து பாத்திர மூடிகளைத் தட்டி, "பதினொண்ணு ஆன்ட்டி!" என்று கூரையைப் பெயர்த்தார்கள். கும்ஹிக்கு நாலாவது ஃபவுல் ஆனது, இன்னொன்று ஆனால் வெளியே. முழங்கால் உள்ளே எரிந்தது. பதினோரு நொடி மிச்சமிருக்கும்போது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

பியோ பலகையில் மிரானுக்கு அம்புக்குறி போட்டார். எதிரிகளுக்கும் அது தெரிந்திருந்தது. மிரான் பந்தை வாங்கியதும் இரண்டு பேர் பாய்ந்தார்கள். "ஆன்ட்டிய விடு! அவ எறிய மாட்டா!" என்று அவர்கள் கோச் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. மிரானுக்கும் கேட்டது. அவள் பந்தைக் கும்ஹிக்கே திருப்பி அனுப்பினாள். கும்ஹியைச் சுற்றி யாருமே இல்லை. எட்டு வருடமாக அவ்வளவு காலியான இடத்தில் அவள் நின்றதில்லை. இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து எறிந்தாள்.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டது. துள்ளியது. வெளியே வந்தது.

அது விழ வேண்டிய இடத்தில், இரண்டு பேரை உதறிவிட்டு, மிரான் வந்து சேர்ந்திருந்தாள். தரையில் கால் படுவதற்குள் பிடித்து, அதே தாவலில் உள்ளே போட்டாள். மணி அடித்தது. கும்ஹி இரண்டு கையையும் இறக்க மறந்து அப்படியே நின்றிருந்தாள். மிரான் ஓடிவந்து அவள் மேல் மோதியதில் இரண்டு பேரும் விழுந்தார்கள். "எறியத் தெரியாதா உங்களுக்கு! எறியத் தெரியாதா அக்கா!" என்று மிரான் அவள் தோளில் குத்திக்கொண்டே அழுதாள்.

அன்று மாலை கோஜேயிலிருந்து ஹான்சு பேசினான். "கேன்டீன்ல நாப்பது பேரு பாத்தோம். அது என் பொண்டாட்டின்னேன். ஒருத்தனும் நம்பல. வெல்டர் ஒருத்தன் 'அப்போ என் பொண்டாட்டி ஜனாதிபதி'ங்கறான்."

அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் தோற்றார்கள், பெரிய வித்தியாசத்தில். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சியோல் அணி இந்தத் தடவை ஆன்ட்டியை விடவில்லை. ஆனால் கம்பெனியிலிருந்து பியோவுக்குத் தகவல் வந்திருந்தது. அணி இன்னொரு வருடம் இருக்கும். அடுத்த வருடமும் வர்றியா என்று அவர் கும்ஹியைக் கேட்டார். "கோஜேக்கு எத்தனை மணிக்கு பஸ்னு முதல்ல பாக்கணும் சார்" என்றாள். இல்லை என்று அவள் சொல்லாததை அவர் கவனித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஓய்வு நிறுத்தத்தில் பேருந்து நின்றது. வெயில் சாய்ந்து, மலைச்சரிவெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. பெண்கள் வெண்ணெயில் வதக்கிய குட்டி உருளைக்கிழங்கைக் காகிதக் கோப்பைகளில் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். பொம் கும்ஹியின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். ஓட்டுநர் தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

"மிரான் அக்கா எங்க?" என்றாள் ஓக்ஜூ.

கும்ஹி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கழிப்பறைக் கட்டிடத்தின் ஓரம் வரிசையாக இருந்த தொலைபேசிக் கூண்டுகளில் கடைசியில் மிரான் நின்றிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு கையில் ரிசீவர். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடுதான் என்று கும்ஹிக்குப் பட்டது. பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். நீண்ட நேரம் கேட்டாள். தலை கொஞ்சம் குனிந்தது. ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். மிரான் திரும்பவில்லை. பாக்கெட்டைத் துழாவி இன்னொரு நாணயம் எடுத்துப் போட்டாள். பிறகு முதுகு நிமிர்ந்தது. அவள் பேச ஆரம்பித்திருந்தாள். என்ன பேசுகிறாள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் வரவில்லை.

ஓட்டுநர் மறுபடி ஹாரனில் கை வைத்தபோது, மிரான் பேச்சை நிறுத்தாமல், திரும்பாமல், இடது கையை மட்டும் தலைக்கு மேலே உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"அஞ்சு நிமிஷம் கேக்கறா, நிறுத்துங்க" என்றார் பியோ. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

பேருந்துக்குள் யாரும் சாப்பிடவில்லை. கோப்பைகளிலிருந்து ஆவி எழுந்து ஜன்னல்களில் படிந்தது. கும்ஹி உள்ளங்கையால் துடைத்து, துடைத்து, அந்த உயர்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.