பப்புவாவில் துரையாக இருந்தவர்

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பப்புவா நியூகினியைக் கண்ணால் கண்டவர் ஜோக்கிம் ஒருவர்தான். அதை அவரும் மறக்கமாட்டார், மற்றவர்களை மறக்க விடவும் மாட்டார். ஊர்காவற்றுறையில் பிறந்து, கணக்குப் படித்து, எண்பதுகளில் அந்தத் தீவு நாட்டின் செம்புச் சுரங்கம் ஒன்றில் களஞ்சிய மனேஜராக இருந்தவர். ஊர்ச் சண்டைக்கு ஒதுங்கிப் போன மனிதரை அங்கேயும் ஒரு சண்டை தேடி வந்தது. சுரங்கத்தை மூடினார்கள். அங்கே இங்கே அலைந்து, அங்கே துரையாக இருந்தவர் கடைசியில் பலேர்மோவின் கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு விதவை எசமானியின் வீட்டில் நிலம் துடைக்க வந்து சேர்ந்தார்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் வாசலில் "நான் பப்புவாவிலை இருக்கேக்கை" என்று அவர் தொடங்கினால் சனம் மெல்லக் கழன்றுவிடும். மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற றோபேட் மட்டும் நிற்பான், அதுவும் பகிடிக்கு.

"அண்ணை, அங்கை மலையெல்லாம் தங்கமும் செம்பும் எண்டுறியள். ஒரு பொக்கற்றுக்குள்ளையாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே?"

ஜோக்கிம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தங்கம் கிடக்கட்டும். தன்னையும் ஒரு காலத்தில் நாலு பேர் 'சேர்' என்று கூப்பிட்டார்கள் என்பதை இந்த ஊரில் ஒரு ஆளாவது நம்பவேண்டும். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கட்டின மனைவி செலஸ்ரீனாகூட, "நம்பிறன், நம்பிறன். முதல்லை உந்த வெங்காயத்தை உரியுங்கோ" என்பாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கடவுள் கண் திறந்தார். சிஞ்ஞோராவின் ஒரே மகன் சால்வோ சுரங்க எஞ்சினியர். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. எந்த நாடு என்று பார்த்தால் பப்புவா நியூகினி! சிஞ்ஞோரா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அலுமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்த ஜோக்கிம் துணியைக் கீழே வைத்தார்.

"அங்கை நான் ஆறு வருசம் வேலை செய்தனான், சிஞ்ஞோரா."

வந்த ஞாயிறு மதியம், அந்த வீட்டுச் சாப்பாட்டறையில் ஜோக்கிமுக்குக் கதிரை போட்டார்கள். காலையில் தானே அவித்த பாஸ்தாவைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்து, ஏப்ரனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நேற்றுவரை 'நீர்' என்ற சால்வோ இன்றைக்கு 'நீங்கள்' என்றான்.

ஜோக்கிம் விட்டுப் பிடித்துச் சொன்னார். ரோட்டு இல்லாத நாடு, எங்கே போவதென்றாலும் குட்டிப் பிளேன். ஏற முதல் ஆளையும் பையையும் சேர்த்துத் தராசில் நிறுப்பார்கள். ஒருமுறை தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக் கிடந்த பன்றி வழி முழுக்கக் கத்திய கத்தலில், புல்லுத் தரையில் இறங்கியதே தனக்குத் தெரியவில்லை என்றார். பின்னேரமானால் மழை, மழை விட்டால் சேறு, சேறு காய முதல் திரும்ப மழை. சால்வோ வாய்க்குக் கொண்டுபோன முள்ளுக்கரண்டியை மறந்து கேட்டான். ஜோக்கிமுக்குச் சட்டைக்குள் நெஞ்சு கொள்ளவில்லை.

"இருக்கிறதுக்கு வீடு?"

"கொம்பனி வீடு. ஜீப் ஒண்டு. வீட்டு வேலைக்கு அந்த ஊர்ப் பொம்பிளை ஒராள்."

சிஞ்ஞோரா நிமிர்ந்தாள். "என்ரை பிள்ளைக்கு வேலையாளை நடத்தத் தெரியாது. எப்பிடி நடத்தவேணும் எண்டு சொல்லிக்குடும்."

இரண்டாவது கிளாஸ் வைனும் இறங்கியிருந்தது. துரை கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"அன்பாய் நடத்தலாம், தம்பி. ஆனால் எங்கடை கோப்பையிலை குடிக்கக் குடுக்கக் கூடாது. நான் அவளுக்கெண்டு தனியாய் ஒரு எனாமல் பேணி வாங்கி வைச்சனான். குடிச்சிட்டுத் தானே கழுவி, பின் படியிலை கவிட்டு விடுவாள். குசினிச் சாமானோடை கலக்க விடயில்லை."

"ஏன், வருத்தம் ஏதும் தொத்துமெண்டோ?" என்று கேட்டாள் சிஞ்ஞோரா.

"சீச்சீ, அதில்லை. அது ஒரு மரியாதை. எங்கடை ஆக்களின்ரை வழக்கம்."

சிஞ்ஞோரா யோசனையோடு தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு சால்வோ பயணம். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஜோக்கிமைத் தன் காரிலேயே கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கி, சனமெல்லாம் பார்க்கக் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்கள் சொன்னதெல்லாம் மறக்கமாட்டன், சிஞ்ஞோர் ஜோக்கிம்" என்றான். றோபேட்டின் வாய் திறந்தபடியே நின்றது. செலஸ்ரீனா அன்றைக்கு வெங்காயத்தைத் தானே உரித்தாள்.

திங்கள் காலை. பத்து மணிக் கோப்பியைச் சிஞ்ஞோராவும் ஜோக்கிமும் குசினி மேசையில் ஒன்றாக இருந்து குடிப்பதுதான் அந்த வீட்டில் பழக்கம். சிஞ்ஞோரா தன் பீங்கான் கோப்பையை எடுத்து வைத்தாள். அவருக்கு முன்னால் நீல நிறத்தில் புத்தம்புது எனாமல் பேணி ஒன்றை வைத்தாள். சந்தையெல்லாம் தேடி வாங்கினாளாம்.

"இத்தனை வருசமாய் உம்மை எங்கடை கோப்பையிலையே குடிக்க விட்டிட்டன். உங்கடை வழக்கம் எனக்கு எங்கை தெரியும்? நீராவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. குடிச்சிட்டுக் கழுவிப் பல்கணி மூலையிலை கவிட்டு விடும், என்ன?"

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. பிள்ளைக்குப் புத்தி சொன்னவருக்குத் தன்னால் இயன்ற மரியாதை செய்கிற தாயின் முகம் அது. ஜோக்கிமுக்கு அவமானம் காதுவரைக்கும் ஏறியது. இது மரியாதை இல்லை, சிஞ்ஞோரா என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்படியென்றால் இது என்ன என்று அவள் கேட்பாள். பேணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

சிஞ்ஞோரா தன் கோப்பியில் சீனியைக் கலக்கிக்கொண்டே ஆசையாகக் கேட்டாள்.

"அந்தப் பப்புவாப் பொம்பிளைக்கும் தன்ரை பேணி பிடிச்சிருந்ததோ?"

"ஓம், சிஞ்ஞோரா," என்றார் ஜோக்கிம். "நல்லாப் பிடிச்சிருந்தது."

குடித்து முடித்து, தானே கழுவி, பல்கணி மூலையில் கவிழ்த்து வைத்தார்.