வரிசையில் நிற்காதவர்

"வாயத் திறங்கய்யா" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் பாதர். சூசைமுத்து திறக்கவில்லை.

வெள்ளை அப்பம் பாதரின் இரண்டு விரல்களுக்கு நடுவில், சூசைமுத்துவின் உதட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி அப்படியே நின்றது. மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு கட்டில் தலைமாட்டில் நின்ற மகள் அமலராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விழுங்க முடியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் நாலு கரண்டி கஞ்சி குடித்திருந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசிக்கொண்டார். இது மட்டும் வேண்டாமாம்.

"ஒரு ஆளப் பாக்கணும் சாமி. பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

பாதர் குருப்பட்டம் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அமலராணியைப் பார்த்தார், சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தார், அப்பத்தைச் சிமிழில் வைத்து மூடினார். நாளைக்கு மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெருச் செபக்கூட்டமான அன்பியத்தின் தலைவி ஏஞ்சலின் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, நாகல் நகர் முழுக்கக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னாள்: "பதினாலு வருசமா இதே கததான். சாகப்போற நேரத்துலயுமா?"

கணக்கில் ஏஞ்சலின் தப்பவே மாட்டாள். 1989 வரைக்கும் சூசைமுத்து எல்லாரையும் போல வரிசையில் போய் நன்மை, அதாவது அந்த அப்பத்தை, வாங்கியவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சிலிருந்து எழவில்லை. அடுத்த வாரமும் எழவில்லை. ஆனால் பூசைக்கு ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. முதல் மணிக்கே போய் ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். செபம் சொல்வார், சுதி சேராமல் பாடுவார். நன்மை நேரம் வந்தால் மட்டும் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டு அப்படியே இருப்பார்.

கோயிலில் நன்மை வாங்கப் போகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை, போகாதவனைத்தான் பார்ப்பார்கள். கம்பவுண்டர் சூசைமுத்துவுக்குச் சின்ன வீடு இருக்கிறது என்றார்கள். பெந்தெகொஸ்தே சபைக்கு மாறப்போகிறார் என்றார்கள். அம்மா சாகும்வரை கேட்டுப் பார்த்துவிட்டாள். "அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அமலராணி அறிவியல் டீச்சர். காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்குச் சொந்த அப்பாவின் காரணம் தெரியவில்லை. அதில் வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகம் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். குஜிலியம்பாறைக்கு அங்கிட்டு ஒரு கிராமத்தில் கால்நடை மருந்தகக் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பஸ் ஏறுவார். ஒருமுறை லீவு போட்டுவிட்டு, முக்காடும் போட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேவிட்டாள். சின்ன வீட்டுக்காரி எப்படி இருப்பாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தது ஆட்டுப்பட்டி. தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதர் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள், டீ குடித்தார்கள். வரும்போது அப்பா மடியில் ஒரு பை பச்சைக்கடலை. அதை வைத்துக்கொண்டு, சன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடியபடியே திண்டுக்கல் வரை வந்தார். அமலராணிக்கு ஏமாற்றமாகிவிட்டது. அன்று ராத்திரி கடலையை அவள்தான் அவித்தாள்.

பாதர் போன பிறகு கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரப்பா பாக்கணும்?"

"உடையப்பன."

"அந்த ஆட்டுக்காரரா?"

"ஒனக்கெப்புடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "முக்காட்டப் போட்டுக்கிட்டு வந்தியே. பெத்த பிள்ளையத் தெரியாதா எனக்கு?"

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. அப்பா மோட்டைப் பார்த்துக்கொண்டு, விட்டுவிட்டுப் பேசினார்.

"புதுசா ஒரு குடல்புழு மருந்து வந்துச்சு. வீரியம் சாஸ்தி. நான் லேபிளப் பாக்கல. உடையப்பன் ஆட்டுக்கெல்லாம் பழைய அளவுலயே ஊத்திட்டேன். விடியிறதுக்குள்ள இருபத்தேழு ஆடு."

அமலராணி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"குழி வெட்டிக்கிட்டு இருந்தோம், நானும் அவனும். அவனுக்கும் அவுங்கண்ணன் சின்னக்கண்ணுக்கும் அதுக்கு முந்துன வாரந்தான் கெணத்துத் தண்ணி மொறையில சண்ட. 'யாரும் வெசம் வச்சிருப்பாங்களா கம்பவுண்டரய்யா'ன்னு கேட்டான். அந்நேரத்துக்கு எனக்குத் தெரிஞ்சு போச்சு, எங்கையில நடந்ததுன்னு. 'இருக்கலாம்'னேன். அம்புட்டுத்தான் தாயி சொன்னேன். ஒரு சொல்லு."

"அப்பறம்?"

"அண்ணன்காரன் கோயில்ல சூடம் அணச்சு சத்தியம் பண்ணுனான். யாரும் நம்பல. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு அய்யலூர்ப் பக்கம் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. தாய் சாவுக்குக்கூட அவன உள்ள விடல."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லலையா?"

"நாலு சாமியார்ட்ட சொன்னேன். பாவம் போச்சு, மூணு அருள் நிறைஞ்ச மந்திரம் சொல்லுன்னாங்க. ஒரு வயசான சாமியார் மட்டுந்தான், 'அந்த ஆள்ட்ட சொல்லிட்டியா'ன்னு கேட்டார். அதுக்கப்பறம் எப்புடி நான் போய் வரிசையில நிக்க? வாயத் தொறந்து அத வாங்குறதுக்கு முந்தி, வாயத் தொறந்து இதச் சொல்லணும்ல? ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் பஸ் ஏறுனேன். அவன் கைய வந்து பிடிப்பான். கடலையக் குடுப்பான். வந்துருவேன்."

சின்ன வீடாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கோபத்தோடேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாக்கெட் டைரியில் அந்த ஊர் டீக்கடை நம்பர் இருந்தது. போன் போட்டாள். ஆள் காட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு உடையப்பனே கூப்பிட்டார். காலையில் முதல் பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னதை அப்பாவிடம் சொன்னாள்.

"நாளைக்கா?" என்றார். "சரி."

கோயிலில் மாலை மணி அடித்தபோது அப்பா இல்லை.

தம்பி இனிகோ கோயம்புத்தூரிலிருந்து விடிகாலையில் வந்து சேர்ந்தான். அழுது முடித்தவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தாளு வந்தா இதச் சொல்லப் போறியா?"

"தெரியல."

"அப்பா பதினாலு வருசமா சொல்லாதத சொல்ல நீ யாரு அக்கா? செத்த மனுசன் திரும்பி வந்து மன்னிப்புக் கேப்பாரா? பெட்டிய மூடுறதுக்குள்ள அவர் பேரக் கெடுத்துறாத."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தொல்லையாக இருந்தது.

ஒன்பது மணிக்கு உடையப்பன் வந்தார். முதல் நாள் போனில் பேசியவருக்குச் சாவு தெரியாது. தெருமுனையில் சாமியானாவைப் பார்த்து விசாரித்து, திரும்ப நடந்து போய்ப் பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் மஞ்சள் பை. மாலையைப் போட்டுவிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க ஓவென்று அழுதார்.

"வாயில்லாச் சீவனுக்கெல்லாம் தகப்பன் மாதிரிய்யா இவரு. என் இருபத்தேழு உருப்படி செத்தப்ப, சர்க்கார் உத்தியோகத்துல இருக்குற மனுசன், சட்டையக் கழட்டிப் போட்டுட்டு என்கூடக் குழி வெட்டுனாரு. கூடப் பொறந்தவன் வெசம் வச்சான், பெறத்தியார் வந்து குழி வெட்டுனாரு!"

ஏஞ்சலின் மூக்கைச் சிந்தினாள். "அம்புட்டு நல்லவரா இருந்திருக்காரே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

உடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமலராணியிடம் வந்தார். "என்னமோ சொல்லணும்னு கூப்புட்டாராமே தாயி. என்ன சொல்லணும்னாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இனிகோ முந்திக்கொண்டான். "சும்மா உங்களப் பாக்கணும்னு ஆசப்பட்டாருய்யா."

"அப்புடியா" என்றார் உடையப்பன். அவருக்குத் திரும்பவும் அழுகை வந்துவிட்டது.

அடக்கப் பூசை பதினோரு மணிக்கு. பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். உடையப்பன் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல், ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்பாவின் இடம் அது. அமலராணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

பாதர் பிரசங்கத்தில் சூசைமுத்துவின் எளிமையைப் பற்றிச் சொன்னார். முந்தின நாள் அப்பத்தைத் திருப்பிக் கொண்டுபோனதைப் பற்றிச் சொல்லவில்லை. சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றபோது எல்லாரும் இடமும் வலமும் திரும்பிக் கும்பிட்டார்கள். இனிகோ அவளைப் பார்த்துக் கும்பிட்டான். அவளும் கும்பிட்டாள்.

நன்மைப் பாட்டு ஆரம்பித்ததும் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். இறந்தவரின் மகள் என்று முதலில் அவளுக்குத்தான் வழிவிட்டார்கள். எழுந்து நின்றாள். நாலு அடி நடந்தால் பாதர். இந்த வாயால் எப்படி வாங்குவது? காலையில் ஒரு மனிதன் நேருக்கு நேர் நின்று கேட்டபோது இதே வாய்தானே மூடியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமாக அப்பாவுக்கு இருந்த பயம் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே நாளில் அது அவளுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் அவளும் பஸ் ஏறிப் போய்க் கடலை வாங்கிக்கொண்டுதான் வருவாள்.

வரிசை முன்னால் போனது. அவள் பின்பக்கம் நடந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்குக் குறுக்கே கடந்தபோது பாட்டு ஓர் இடத்தில் தடுமாறியது. கடைசிப் பெஞ்சில், உடையப்பனுக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள்.

"அவுகளெல்லாம் போறாகளே, நீ போகலையா தாயி?"

"உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்யா. அப்பா சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

சொன்னாள். மருந்து, லேபிள், அளவு. இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல். எதையும் குறைக்கவில்லை, அப்பாவுக்காகப் பரிந்தும் பேசவில்லை. பாட்டு முடிவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

உடையப்பன் பீடத்துக்கு முன்னால் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போட்ட மாலை அதன்மேல் தெரிந்தது.

"சூடத்த உள்ளங்கையில வச்சு அணச்சான்" என்றார், கண்ணை எடுக்காமல். "கை பொத்துப் போச்சு. நடிக்கிறான்னேன்."

"ஐயா…"

"எங்காத்தா செத்தன்னைக்கு அய்யலூர்லேருந்து வந்து ஊர் மந்தையிலயே நின்னான். உள்ள வந்தா வெட்டுவேன்னேன்."

எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில், கல்லறைத் திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் புதுசாக இருந்தது. பெட்டியை இறக்கியதும் பாதர் ஒரு பிடி மண் போட்டார், இனிகோ போட்டான், அவள் போட்டாள். பிறகு கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டது. யார் யார் மண் போட்டார்கள் என்று பார்க்க முடியவில்லை. துண்டு கட்டிய தலையைத் தேடினாள். தென்படவில்லை.

இனிகோ அவள் பக்கத்தில் வந்து நின்றான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

குடையை எடுக்கக் கோயிலுக்குள் போனபோது, கடைசிப் பெஞ்சுக்கு அடியில் மஞ்சள் பை இருந்தது. திறந்து பார்த்தாள். பச்சைக்கடலை, மண்ணும் வேரும் உலராமல். அப்பாவுக்காகக் காலையில் பிடுங்கியிருக்க வேண்டும். எழவு வீட்டுக்காரி குளிக்காமல் எங்கே கிளம்புகிறாள் என்று ஏஞ்சலின் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆட்டோவை மறித்து ஏறிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் குஜிலியம்பாறை வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு சன்னலாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். அவர் இல்லை. வண்டி கிளம்பிப் போனது. பையை அணைத்துக்கொண்டு நின்றாள். இனி இதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பியவள் கண்ணில், நாலு வண்டி தள்ளி, திருச்சி ரோட்டு வண்டியின் சன்னலில் துண்டு கட்டிய தலை பட்டது.

ஓடினாள். "ஐயா, பைய விட்டுட்டு வந்துட்டீங்க."

உடையப்பன் திரும்பினார். கண் சிவந்திருந்தது. கோபமா, அழுகையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில், ரேகை ரேகையாக, கல்லறைத் தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருந்தது.

அவள் கொடுத்தாள். அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். உள்ளே கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, எங்க?"

"அய்யலூர் ஒண்ணு" என்றார் உடையப்பன்.