ஆறு மணிக்குச் சாவி

மாடிப்படியின் இரண்டாவது திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். அப்பா விட்டுக்கொடுப்பதாக இல்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

"மேல ஏத்த முடியாதும்மா. வேற எடம் இருக்கா?" என்றார் டிரைவர்.

இடத்துக்கா பஞ்சம்? பதினாறு பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்ற மனிதர். ஆனால் அவரும் மகளும் குடியிருந்தது என்னவோ இந்த வாடகைப் பொந்தில்தான். பதினேழாவது வீடு இரண்டு தெரு தள்ளிப் பாதி வேலையில் நின்றது. அதன் சாவி அதற்குக் கடன் கொடுத்திருந்த நர்ஸம்மாவிடம் இருந்தது.

வங்கிக்காரர்கள் அப்பாவை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். தெரிந்தவர்களிடம்தான் கடன். யார் பணத்தில் வீடு வாங்குகிறாரோ, விற்றுத் திருப்பும்வரை அவர் வீட்டு ஆணியில்தான் சாவி தொங்கும். காலையில் போய் வாங்குவார், மாலை ஆறு மணிக்குக் கொடுத்துவிடுவார். "தெனம் என் மூஞ்சியப் பாத்தாதான் அவங்களுக்குத் தூக்கம் வரும்" என்பார்.

மகள் ஓடினாள். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் அந்த வீட்டில் போட்டிருந்த நர்ஸம்மா, கதவைத் திறந்தபடியே கேட்டார்.

"எங்க உங்கப்பா? சாவி வாங்க வரவே இல்லையே?"

"விடிகாலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரியிலயே போயிட்டாரும்மா. எங்க படியில ஏத்த முடியல. அந்த வீட்டுல... சாயந்தரம் வரைக்கும் மட்டும்."

நர்ஸம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம வீடு பாக்க ஆளு வருதே. பொணம் கெடந்த வீடுன்னா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. என்கிட்ட இருந்தது பூரா அதுலதான் இருக்கு."

"தெரியும்மா."

தெரிந்தும் கேட்டதற்கு அவளுக்கே கூசியது. திரும்பி நடந்தாள். பின்னால் ஆணியிலிருந்து சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"இரு, நானும் வர்றேன்."

அந்த வாசலை அப்பாதான் போன மாதம் இடித்து அகலமாக்கியிருந்தார். "யாரு வச்ச நெலயோ, ஜம்முனு போகுது" என்றார் டிரைவர். உள்ளே ஒரு சுவர் இன்னும் காயவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு நடுவில் நெருக்கி நின்றார்கள். நர்ஸம்மா தரையில் உட்கார்ந்து, அப்பாவின் நகங்களில் ஒட்டியிருந்த பெயின்ட்டை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார். மகளுக்கு அப்போதுதான் அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்து அவள் மட்டும் திரும்பி வந்தாள். வீட்டைப் பெருக்கித் துடைத்தாள். விடுமுறை நாட்களில் அவளும் அங்கே பிரஷ் பிடித்தவள்தான். பெயின்ட் டப்பாவை இறுக்கி மூடிவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நர்ஸம்மா தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். மணி ஆறு.

"ஞாயித்துக்கெழம வர்றவங்ககிட்ட என்னம்மா சொல்லுவீங்க?"

"கேட்டா உள்ளதச் சொல்லுவேன். இன்னும் ரெண்டு சொவரு பாக்கி இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"காலைல எத்தன மணிக்கு வருவே?"

"அப்பா வர்ற நேரத்துக்கே."

சாவியின் தலையில் நேற்றைய வெள்ளைப் பெயின்ட் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. நர்ஸம்மா அதைத் துடைக்காமல் ஆணியில் மாட்டினார்.